அம்மாவாசையின் முறை

போன நவம்பரில் ராஜஸ்தானில் நடந்த தேசிய சைக்கிள் பந்தயத்தில் அம்மாவாசை அறுபத்து நாலு பேரில் ஐம்பத்தேழாவதாக வந்து சேர்ந்தான். முடிவுக் கோட்டைத் தாண்டி நின்றதும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. தன் மூஞ்சியையும் சட்டையையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் இராமதாஸ் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"இன்னாடா ஆச்சு? பஞ்சரா?"

"இல்ல சார். காத்து. மூஞ்சிலயே அடிக்குது சார்."

"காத்து மூஞ்சில அடிக்காம வேற எங்கடா அடிக்கும்? பதினேழு வருஷமா சைக்கிள் ஓட்டறவன் பேசற பேச்சா இது?"

வயசாகிவிட்டது, சரக்கு தீர்ந்துவிட்டது என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். உண்மைக் காரணம் மூலக்குளத்தில் ஒருத்திக்கும் அரியாங்குப்பத்தில் ஒருத்திக்கும்தான் தெரியும். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அம்மாவாசையின் அப்பா பக்கிரி, பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடிய பிறகு மூலக்குளத்தில் ஒரு மரக்கடையில் சுமை தூக்கினார். தை அமாவாசையன்று பையன் பிறந்தான். பெயருக்காக மண்டையை உடைத்துக்கொள்ள அவருக்கு நேரமில்லை, நாளையே பெயராக வைத்துவிட்டார். அமாவாசையில் பிறந்த ஆண்பிள்ளை திருடனாவான் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பக்கத்து வீட்டுக்காரி அதைச் சொன்னதற்காகப் பக்கிரி ஒரு வருஷம் அவளோடு பேசாமல் இருந்தார்.

பையன் திருடவில்லை. சைக்கிள் ஓட்டினான். சுமாராகத்தான் ஓட்டினான். அதைச் சொல்ல வெட்கப்பட என்ன இருக்கிறது? சில பேருக்குக் குரல் இருக்கும், சில பேருக்குக் கணக்கு வரும். இவனுக்குப் பிடிவாதம் இருந்தது, காலும் நுரையீரலும் சாதாரணம். மாவட்டப் பந்தயங்களில் இருபத்தெட்டாவது, முப்பத்தொன்றாவது என்று வருவான். வாந்தி எடுப்பான். மறுநாள் விடியற்காலை மறுபடியும் வந்து நிற்பான்.

கொடுத்துவைத்த கால் அவன் கூட்டாளி வெற்றிவேலுக்கு இருந்தது. அவன் அரியாங்குப்பத்துப் பையன். அப்பா இல்லை. அம்மா அஞ்சலாட்சி ஒரு ரோட்டு கான்ட்ராக்டரிடம் கூலி வேலை செய்தாள். ஓரத்துப் புல்லைச் செதுக்குவது, பள்ளத்துக்குத் தார் ஊற்றுவது, கிலோமீட்டர் கல்லுக்கு வெள்ளை அடிப்பது, இதுதான் வேலை. வாடகை சைக்கிளில் வெற்றிவேல் கடலூர் பஸ்ஸை முந்திக்கொண்டு போனதை ஒரு சொல்தா பார்த்திருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பிய அந்தப் பெரியவர், தான் அங்கிருந்து கொண்டுவந்த பழைய ரேஸ் சைக்கிளை மறுநாளே அவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு புதுச்சேரியில் நடந்த எந்தப் பந்தயத்திலும் இரண்டாவது யார் என்றுதான் ஜனங்கள் கேட்டார்கள்.

இரண்டு பேரும் விடிவதற்கு முன்னால் முத்தியால்பேட்டை மணிக்கூண்டில் சந்தித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை போய்த் திரும்புவார்கள். ரேஸ் சைக்கிள்காரனுக்கு எதிரி மேடு இல்லை, காற்று. முன்னால் போகிறவன் அதை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அவன் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் விட்டு ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்குக் காற்றே தெரியாது, பாதி உழைப்பில் அதே வேகம் வரும். அதனால் கூடி ஓட்டுகிறவர்கள் முறை வைத்துக்கொள்வார்கள். இவர்களுக்குக் கிலோமீட்டர் கல்தான் முறை. இந்தக் கல் வரை நீ, அடுத்த கல் வரை நான். கல் வந்ததும் முன்னால் இருப்பவன் வலது முழங்கையை ஓர் ஆட்டு ஆட்டி இடப்பக்கம் ஒதுங்குவான், பின்னால் இருப்பவன் முன்னே ஏறிக்கொள்ள வேண்டும். முன்னால் போகிறவனுக்கு இன்னொரு கடமையும் உண்டு. பள்ளமோ கல்லோ வந்தால் கையை நீட்டிக் காட்டிச் சத்தம் போட வேண்டும். பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாது, முன்னால் போகிறவனின் பின்சக்கரம் மட்டும்தான் தெரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை நடந்தது இது. முதல் நாள் இரண்டு பேரும் சைக்கிளுக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை தின்றார்கள், அம்மாவாசை அதற்கு மேல் பிரியாணியும் தின்றிருந்தான். காலையில் கால் எழும்பவில்லை. ரோடு வேலைக்காரர்களுக்கும் ஆயுத பூஜை உண்டல்லவா? அவர்கள் ஆயுதமே ரோடுதான். வழிநெடுகக் கிலோமீட்டர் கல்லுக்கெல்லாம் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி சுற்றியிருந்தார்கள். கடைக்காரர்கள் திருஷ்டி சுற்றி நடு ரோட்டில் உடைத்த பூசணிக்காய்கள் அங்கங்கே கிடந்தன.

மரக்காணத்து உப்பளத்தின் பக்கம் காற்று பலமாக இருந்தது. வெற்றிவேல் முன்னால். மரக்காணம் 6 என்று எழுதிய கல் வந்தது. லேசாகத்தான் வெளுத்திருந்தது என்றாலும் அந்தக் கல் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம் வைத்து, மற்ற கல்லுக்கெல்லாம் வைத்ததைவிடத் தாராளமாக மஞ்சளைப் பூசியிருந்தார்கள். அம்மாவாசை பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வெற்றிவேலின் முழங்கை ஆடியதையும் பார்க்காத மாதிரி இருந்தான்.

"டேய் அம்மாவாசி, கல்லுடா!"

"பாக்கல மச்சான்!"

"திருட்டுப் பயலே!" என்று வெற்றிவேல் சிரித்தான். "செரி, இதுவும் நானே போறேன். நீ தூங்கு."

அதற்குப் பிறகு முந்நூறு மீட்டர் போயிருப்பார்கள். "பூசணி!" என்று ஒரு கத்தல். வலது பக்கம் நீட்டிய கை. அம்மாவாசை கை காட்டியதற்கு எதிர்ப்பக்கம் ஒடித்துத் தப்பினான். கையை எடுத்துவிட்டதால் வெற்றிவேலுக்கு ஹேண்டிலைத் திருப்ப நேரம் போதவில்லை. முன்சக்கரம் பூசணிச் சதையில் வழுக்கியது. எதிரே லாரி வந்துகொண்டிருந்தது.

அஞ்சலாட்சி மார்பில் அடித்துக்கொண்டு அழுதபோது அம்மாவாசையின் சட்டையைப் பிடித்து ஒன்றுதான் கேட்டாள். "யாரு முறைடா அது?"

"அவன் முறைதாம்மா. இருட்டுல கல்லு தெரியல. அவன் முறைன்னுதான் போய்க்கிட்டிருந்தோம்."

அவள் சட்டையை விட்டாள். "அவன் முறைன்னா அவன்தான போவணும்," என்றாள். அந்த வார்த்தையை எழவுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

நாற்பது நாள் கழித்து அம்மாவாசை தனியாகச் சைக்கிளை எடுத்தான். காலாப்பட்டு தாண்டும்வரை எதிர்க்காற்று சாத்து சாத்தென்று சாத்தியது. உப்பளத்தை நெருங்கும்போது பட்டென்று நின்றுவிட்டது. ஓரத்தில் ஈச்ச மரங்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தன. அவன் சட்டை மட்டும் அசையவில்லை. முன்னால் யாரும் இல்லை, ரோடு காலி. பெடல் போடுவதை நிறுத்தினான். அவன் சக்கரத்தின் கிர்ர் சத்தம் கேட்டு அரை நொடி கழித்து, முன்பக்கத்திலிருந்து இன்னொரு கிர்ர் கேட்டது.

பயந்தான். யார்தான் பயப்பட மாட்டார்கள்? ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று அன்று நடந்தது. வாழ்நாளில் அவனால் போக முடியாத வேகத்தில் அவன் போய்க்கொண்டிருந்தான், மூச்சும் வாங்கவில்லை. கல் வந்தது. அந்த இடத்தில் ஒரே ஒரு கணம் வலப்பக்கமாகக் காற்று திறந்து முகத்தில் அடித்தது. முன்னால் இருப்பது ஒதுங்கி, வா என்று இடம் விடுகிறது. அம்மாவாசைக்கு அது புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு பெடலை ஒரு நூல் தளர்த்தினான். கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் காற்று மறுபடி மூடிக்கொண்டது.

எந்த ரோட்டில் ஓட்டினாலும், எந்தப் பந்தயத்துக்குப் போனாலும், ஒவ்வொரு கல்லிலும் அப்படித்தான். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு கல்லிலும் அது முறை விட்டது, இவன் ஏறவில்லை.

மாநிலப் பந்தயங்களில் ஒன்பது முதல் பரிசு, தேசிய அளவில் மூன்று வெண்கலம், இரண்டு வெள்ளி. ஒரு தடவை நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு தாய்லாந்து வரை போய் வந்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. வேலை என்றால் சைக்கிள் ஓட்டுவதுதான், கையெழுத்துப் போட மாதம் நாலு நாள் போனால் போதும். முயற்சி திருவினையாக்கும் என்று பள்ளிக்கூட விழாக்களில் அவனைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். அவனும் போய்ப் பேசினான்.

நம்பாதவர்களும் இருந்தார்கள். தேசிய முகாமில் முகமூடி மாட்டி ஓடவிட்டு அவன் மூச்சை அளந்த டாக்டர், எந்திரம் கெட்டுவிட்டது என்று இன்னொரு எந்திரம் வரவழைத்தார். இரண்டும் ஒரே கணக்கைத்தான் காட்டின. "இந்த நுரையீரலுக்குக் காய்கறி வண்டி தள்ளலாம், மெடல் வாங்க முடியாது," என்று அவர் இராமதாஸிடம் ரகசியமாகச் சொன்னார். மருந்து ஊசி போடுகிறான் என்று ரத்தம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. சைக்கிளுக்குள் மோட்டார் வைத்திருக்கிறான் என்று சீட்டைக் கழற்றிக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. ஒருமுறை தனித்தனியாக ஓட்டும் பந்தயத்தில், பின்னால் ஜீப்பில் வந்த நடுவர் விசிலை ஊதி, "அடுத்தவன் பின்னால் ஒட்டாதே!" என்று எச்சரித்துவிட்டார். பிறகு கண்ணைக் கசக்கிப் பார்த்தால் ரோட்டில் இவனைத் தவிர யாரும் இல்லை. எழுதிய எச்சரிக்கைச் சீட்டைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவன் பெண்டாட்டி கார்குழலி உழவர்கரையில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். நாக்கு கத்தரி மாதிரி. கல்யாணமான புதிதில் அவன் ஜெயித்த போட்டோக்களை ஆல்பத்தில் ஒட்ட உட்கார்ந்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

"இன்னாங்க இது? முதல்ல வந்தவன் மூஞ்சியா இது? கையத் தூக்கல, சிரிக்கல. எவனோ உங்களுக்கு முன்னாடி பூந்துட்ட மாதிரி எட்டிப் பாத்துக்கினு இருக்கீங்க. எல்லாப் போட்டோலயும்."

"வெயிலு," என்று சொல்லி அவன் ஆல்பத்தை மூடி வைத்தான்.

அஞ்சலாட்சி வீட்டுக்கு அவன் வருஷம் தவறாமல் திவசத்துக்குப் போவான். மகன் கடைசியாக ஓட்டிய வளைந்துபோன சைக்கிளை அவள் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். இவனுக்கு இலை போட்டுச் சோறு போடுவாள், மெடலைக் காட்டினால் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பாள். கிளம்பும்போது மட்டும் வாசல்வரை வந்து, "கல்லப் பாத்துப் போடா," என்பாள். ஒவ்வொரு வருஷமும் அதே வார்த்தை. அவள் எந்த ரோட்டில் வேலை பார்த்தாள், இப்போது எந்த ரோட்டில் பார்க்கிறாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க அவனுக்குத் தைரியமும் இல்லை.

போன வருஷம் செப்டம்பரில் நல்ல மழை. இராமதாஸ் அவனை விரட்டிக்கொண்டிருந்தார். இதுதான் கடைசி வருஷம், தேசியத் தங்கம் ஒன்றுதான் பாக்கி, நவம்பரில் அதையும் வாங்கிவிட்டு ஓய்வு பெறு என்பது அவர் கட்டளை. ஒரு காலை நேரம் மழையில் நனைந்து வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். திரும்பி வந்தால் கார்குழலி சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னிக்கி யாரு கூட போனீங்க?"

"தனியாத்தான்."

"பொய் சொல்லாதீங்க. எட்டு வருஷமா தோய்க்கறேன். சொந்தச் சக்கரத்து சேறு முதுகுலதான் கோடு போடும். இது பாருங்க, நெஞ்சு பூரா, கழுத்து பூரா. மூஞ்சிகூட சேறோடதான் வந்தீங்க. முன்னாடி ஒரு சக்கரம் போனாத்தான் இப்பிடி எறைக்கும். யாரு பின்னால போனீங்க? சும்மா மறைக்காதீங்க, எவளையாச்சும் இழுத்துக்கினு சுத்தறீங்களா?"

அவன் வாயைத் திறக்குமுன் அவள் காலரைத் திருப்பிக் காட்டினாள். மடிப்பில் ஒரு பூசணி விதை ஒட்டிக்கொண்டிருந்தது. காயவில்லை, அப்போதுதான் உடைத்த காயிலிருந்து வந்த மாதிரி சதையோடு இருந்தது. சதையில் குங்குமம்.

"ஆயுத பூஜைக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கு," என்றாள் கார்குழலி. அவள் குரல் இறங்கிவிட்டது. "இது எங்கருந்து வந்துச்சிங்க?"

அம்மாவாசை தரையில் உட்கார்ந்துவிட்டான். பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, கல்லில் இருந்த பொட்டு முதல் நீட்டிய கை வரை, ஒன்று விடாமல் சொன்னான். சொல்லும்போது அழவில்லை. சொல்லி முடித்ததும் தேம்பித் தேம்பி அழுதான். கார்குழலி சட்டையைக் கையில் வைத்துக்கொள்ளவும் மனமில்லாமல் கீழே போடவும் மனமில்லாமல் நின்றாள்.

"செத்தும் அந்தப் பையன ஒழைக்க வுட்டுட்டீங்களே," என்றாள் கடைசியில். "பன்னண்டு வருஷமா காத்த வாங்கிக்கினு போறானே. அவனுக்குக் காலு நோவாதா? போய் உங்க முறையப் போடுங்க."

"போட்டா நான் ஒண்ணுமே இல்லடி. இருபத்தெட்டாவது வர்ற அம்மாவாசைதான் நானு. இந்தத் தங்கம் மட்டும் வந்துரட்டும். நவம்பர் முடியட்டும்."

"அன்னிக்கும் அடுத்த கல்லு வரைக்கும்னுதான நெனச்சீங்க?"

ஒரு மாதம் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அவள் அவன் சட்டையைத் துவைப்பதை நிறுத்திவிட்டாள். அவனே துவைத்தான், அவனே விதைகளைப் பொறுக்கிப் போட்டான். ஒவ்வொரு நாளும் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவன் சைக்கிளை வெளியே எடுத்தான். கார்குழலி எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டாள். முத்தியால்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டியதுமே காற்று நின்றுபோனது. அவ்வளவு சீக்கிரத்தில் அது ஒருநாளும் வந்ததில்லை. காலாப்பட்டு வந்தது, போனது. கல்லுக்குக் கல் காற்று திறந்தது. அவன் குனிந்தே இருந்தான். இந்தக் கல்லில் இல்லை, அந்தக் கல்லில் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனான். தங்கமும் கண்ணுக்குள் வந்து வந்து போனது.

கிழக்கு வெளுக்கும்போது உப்பளம் வந்துவிட்டது. மரக்காணம் 6. அதே மாதிரி மஞ்சள், உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம், சாமந்தி. வலப்பக்கம் காற்று திறந்தது. ஏறினால் எல்லாம் போய்விடும். ஏறாவிட்டால் இன்னும் முந்நூறு மீட்டரில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

அம்மாவாசை எழுந்து நின்று பெடலை மிதித்தான். முன்னே ஏறினான்.

அறைந்தது காற்று. கண்ணில் தண்ணீர் கொட்டியது, தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. வேகம் பாதியாகக் குறைந்தது. இவ்வளவு கனமான ஒன்றையா அவன் தினமும் எனக்காகத் தள்ளினான் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான். பின்னால், ஒரு சாண் தூரத்தில், கிர்ர் என்று சத்தம் வந்து ஒட்டிக்கொண்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது.

முந்நூறு மீட்டரில் நடு ரோட்டில் ஒரு பூசணிக்காய் உடைந்து கிடந்தது. "பூசணி!" என்று தொண்டை கிழியக் கத்தினான், வலது கையை நீட்டிக் காட்டினான். சைக்கிள் தடுமாறியது, விழவில்லை. கடந்து போன பிறகும் பின்னால் சத்தம் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

மரக்காணத்தில் திரும்பினான். கல் வந்தபோதெல்லாம் முழங்கையை ஆட்டவில்லை. பன்னிரண்டு வருஷத்துக் கல் பாக்கி இருக்கும்போது எந்த முகத்தோடு ஆட்டுவது? ஒவ்வொரு பள்ளத்துக்கும் கை காட்டினான், ஒவ்வொரு வேகத்தடைக்கும் கத்தினான். கோட்டக்குப்பத்தில் டீக்கடை வாசலில் நின்றவர்கள் தனியாகப் போகிறவன் கத்துவதைப் பார்த்துச் சிரித்தார்கள். தெருநாய் இரண்டு குரைத்துக்கொண்டு ஓடி வந்தன. அவை அவனை விட்டுவிட்டு, அவனுக்கு ஒரு சைக்கிள் நீளம் பின்னால் வெறும் ரோட்டைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடின. பிறகு வாலை இடுக்கிக்கொண்டு நின்றன. டீக்கடைச் சிரிப்பும் நின்றது.

மூலக்குளத்துக்குத் திரும்பவேண்டிய இடத்தில் அவன் திரும்பவில்லை. மரப்பாலம், முருங்கப்பாக்கம், ஆற்றுப் பாலம் என்று நேராக அரியாங்குப்பத்துக்குப் போனான். காலை ஏழரை மணி வெயில் சுள்ளென்று அடித்தது. அஞ்சலாட்சி வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் சைக்கிளை நிறுத்தி இறங்கினான்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி அவன் முறை இல்லம்மா. என் முறை. கல்லப் பாத்தேன். பாத்துட்டுத்தான் தலைய குனிஞ்சிக்கினேன்."

அஞ்சலாட்சி செம்பைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அவன் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை.

"தெரியும்டா," என்றாள்.

"அம்மா..."

"அந்தக் கல்லுக்குப் பொட்டு வெச்சதே நான்தான். மொத நாளு சாயங்காலம், இந்தக் கையால. பசங்க இருட்டுல வருவானுங்க, கல்லு தெரியாம முறை தப்பிடப் போவுதுன்னு அள்ளி அள்ளிப் பூசினேன். மேஸ்திரிகூடத் திட்டினான், ஒரே கல்லுக்கு இம்மாம் மஞ்சளான்னு. அது கண்ணுக்குத் தெரியலன்னு என் புள்ள பொணத்து மேல நின்னுக்கினு சொன்னியே, அப்பவே தெரியும். இன்னிக்கு வரைக்கும் வருஷா வருஷம் அங்கப் போய் நான்தான் வெக்கறேன். என்னிக்காச்சும் ஒன் கண்ணுல படுதான்னு பாத்துக்கினே இருந்தேன்."

"ஏம்மா கேக்கல? எத்தினி வாட்டி சோறு போட்ட..."

"நான் கேட்டு நீ சொன்னா அது யாரு முறைடா?"

அம்மாவாசை அவள் காலில் விழக் குனிந்தான். அவள் ஒரு அடி பின்னால் போய்விட்டாள். அவனைத் தாண்டி, அவன் சைக்கிளுக்குப் பின்னால் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கூட்டியாந்துட்டியா?" என்றாள் மெல்ல.

அவன் ஆமென்று தலையை ஆட்டினான். எழுந்து வாசற்படி ஏறப் போனான். பன்னிரண்டு வருஷமாக அவன் ஏறிய படி அது.

"நீ அங்கயே நில்லு," என்றாள் அஞ்சலாட்சி.

இரண்டு கதவையும் அகலத் திறந்துவைத்து, ஓரமாக ஒதுங்கி நின்றாள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் படியேறி உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றாள். கோலத்தின் குறுக்கே, ஈர மாவைத் தேய்த்துக்கொண்டு, ஒரு விரல் அகலக் கோடு வாசற்படிவரை போயிருந்தது. அம்மாவாசையின் சைக்கிள் தெருவிலேயே நின்றிருந்தது. அஞ்சலாட்சி உள்ளே போனாள். அவன் மூஞ்சிக்கு நேரே கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே சுவரில் எதையோ சாய்த்து வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

"காலக் கழுவிக்கினு வாடா. சாப்டலாம்."

அம்மாவாசை சைக்கிளைத் திருப்பினான். ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது காற்று மூஞ்சியில் அடித்தது, மூலக்குளம் போய்ச் சேரும்வரை அடித்துக்கொண்டே வந்தது.